கேட்காமல் தரும் பெட்டி

நான்காம் மாடியில் எதுவும் இல்லை. அங்கே இருந்த நிறுவனம் காலி செய்து போய் மாதக்கணக்காகிவிட்டது. மேசைகளையும் நாற்காலிகளையும் எடுத்துப் போனதோடு நிற்காமல், தரைவிரிப்பைக்கூடச் சுருட்டிக்கொண்டு போயிருந்தார்கள். மிஞ்சியவை சுவரோரம் வரிசையாகப் பதித்த இணைய சாக்கெட்டுகள் மட்டும்தான். ஒவ்வொரு சாக்கெட்டிலிருந்தும் ஒரு நீலக் கேபிள் சுவருக்குள்ளேயே ஓடி, அந்த மாடியின் கோடியில் இருக்கும் ஒரு சின்ன அறையில், ஒரே பெட்டியில் போய்ச் சேர்கிறது. அந்தப் பெட்டிதான் ஸ்விட்ச். கம்ப்யூட்டரும் மேசைத் தொலைபேசியும் கேமராவும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது அதன் வழியாகத்தான். பேச அங்கே இப்போது ஒன்றும் இல்லை.

ஆனாலும், அப்டேட் முடிந்து அந்த ஸ்விட்ச் மறுபடி எழுந்தபோது, அதன் போர்ட்டுகளில், அதாவது கேபிள் செருகும் துளைகளில், ஒன்றின் விளக்கு பச்சையாக இருந்தது.

அவள் தரைத்தளத்தில், ஜன்னல் இல்லாத கட்டுப்பாட்டு அறையில், லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஆறு மாடிக்கும் நெட்வொர்க் அவள் பொறுப்பு. ஸ்விட்சுகளுக்குப் புதிய மென்பொருள் ஏற்ற ஞாயிற்றுக்கிழமையில்தான் அனுமதி கிடைக்கும். காலையிலிருந்து தரைத்தளம், முதல் மாடி, இரண்டு, மூன்று என்று ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வந்திருந்தாள். வெளியே மழை மூட்டம்; மதியமே சாயங்காலம் மாதிரி இருந்தது. அறைக்குள் விசிறிகளின் ஓயாத இரைச்சல், சூடேறிய பிளாஸ்டிக்கின் வாடை, எதிரே இரும்பு அடுக்கில் தரைத்தளத்து ஸ்விட்சின் விளக்குகள்.

போர்ட் பச்சையாக இருந்தால், மறுமுனையில் ஏதோ செருகியிருக்கிறது என்று அர்த்தம்.

மேசையில் கிடந்த செல்போனின் ஸ்பீக்கரைப் பார்த்துக் கேட்டாள். “டேய், அங்க எதையாவது தொட்டியா?”

“என் மூக்கைத் தவிர எதையும் தொடலக்கா.”

மேலே இருந்தது அவள் தம்பி. இந்தக் கட்டடத்துக்குக் கேபிள் இழுத்தவன் அவன்தான். அப்டேட் நடக்கும்போது ஒரு ஆள் அந்த மாடி ஸ்விட்சின் பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எழுதப்படாத சட்டம். மென்பொருள் ஏறும்போது பெட்டி நடுவில் மயங்கி விழுந்து எழாமலே போய்விடுவது உண்டு. அப்போது நேரடியாகக் கேபிள் மாட்டிப் பழைய மென்பொருளுக்குத் திருப்ப ஒரு கை வேண்டும். அந்தக் கையாக அவள் எப்போதும் தம்பியைத்தான் கூப்பிடுவாள். இந்த முறை கூப்பிடத் தயங்கினாள். அவனுக்குக் குழந்தை பிறந்து மூன்று வாரம்தான் ஆகிறது.

“பதினேழாம் போர்ட் பச்சையா இருக்குடா.”

“இங்கயும் எரியுது. யாராவது வந்து லேப்டாப்ப மாட்டி சீரியல் பாக்குறாங்களோ என்னவோ.”

“கிண்டல் பண்ணாத.”

“பெட்டி எந்திருச்சிருச்சுல்ல, அதைப் பாருக்கா. எனக்குக் கண்ணு சொக்குது. ராத்திரி முழுக்க உன் மருமக கச்சேரி.”

அவள் சிரித்துக்கொண்டே, மென்பொருளோடு வந்த குறிப்பைத் திறந்தாள். அதில் எப்போதும் இரண்டு பகுதிகள் இருக்கும். என்ன மாறியிருக்கிறது என்பது முதலாவது. இந்த ஸ்விட்சுகள் கேபிள் வழியாக மின்சாரமும் கொடுப்பவை. தொலைபேசிக்கும் கேமராவுக்கும் தனியாகப் பிளக் தேவையில்லை. பழைய மென்பொருள், மறுமுனையில் இருப்பது யார் என்று விசாரித்து, ஒழுங்கான பதில் வந்த பிறகுதான் மின்சாரத்தை விடும். புதியது அப்படிக் காத்திருக்காது. கருவிகள் சீக்கிரம் எழ வேண்டும் என்பதற்காக, கேட்காமலே கொடுத்துவிடும். வெள்ளிக்கிழமை இதைப் படித்தபோது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. காலையில் போன்கள் எழ நேரமாகிறது என்று மூன்றாம் மாடிக்காரர்கள் அவள் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது பகுதி, தெரிந்த கோளாறுகள். விரலை ஓட்டிக்கொண்டே போனாள். இருந்தது. எதுவும் செருகாத போர்ட், செருகியிருப்பதாகக் காட்டக்கூடும். பாதிப்பு இல்லை, திரையில் தெரிவது மட்டுமே. தீர்வு, பின்னர்.

அவளுக்கு மூச்சு இலகுவாயிற்று. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அப்படித்தான். ஒரு கோளாறுக்கு யாரோ ஒருவர் எண் கொடுத்து, நான்கு வரி எழுதி வைத்துவிட்டால், அது கழுத்தில் பட்டை போட்ட நாய் மாதிரி ஆகிவிடும். யாரோ வளர்ப்பது, கடிக்காது என்று தாண்டிப் போய்விடுவார்கள்.

இருந்தாலும் ஸ்விட்ச் செய்த நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு இன்னொரு போனிலிருந்து அழைத்தாள். எதையோ மென்றுகொண்டே ஒருவன் பேசினான்.

“அது நோன் இஷ்யூதான் மேடம், எங்க லிஸ்ட்லயே இருக்கு. நீங்க இன்னைக்கு நாலாவது ஆள். சும்மா டிஸ்ப்ளேதான், கண்டுக்காதீங்க.”

“மத்த மூணு பேருக்கும் காலி மாடியிலதான் வந்துச்சா?”

மெல்லுவது நின்றது. “அதெல்லாம் நாங்க கேக்கல மேடம்.”

அவள் போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். பதினேழு அணைந்திருந்தது. பதினெட்டு பச்சையாக இருந்தது.

காட்டுவதில் பிழை என்றால் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். இது நகர்ந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினெட்டு அணைந்தது. கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு பத்தொன்பது.

அந்த மாடியின் சாக்கெட்டுகள் அவளுக்கு மனப்பாடம். பதினேழு மேற்குச் சுவரின் மூலையில். பதினெட்டும் பத்தொன்பதும் அதே சுவரில், ஜன்னல்களுக்குக் கீழே, ஒரு மேசை அகலம் தள்ளித் தள்ளி. ஒரு ஆள் அந்தச் சுவரோரமாக நடந்தால் இந்த வரிசையில்தான் அவற்றைக் கடப்பான். ஒவ்வொன்றின் அருகிலும் நின்று, குனிந்து பார்த்து, அடுத்ததற்குப் போனால் இவ்வளவு நேரம்தான் ஆகும்.

மின்சாரக் கணக்கையும் திறந்து பார்த்தாள். பத்தொன்பதாம் போர்ட் வழியாக இரண்டு வாட் போய்க்கொண்டிருந்தது. ஒரு தொலைபேசி தூங்கும்போது அவ்வளவு எடுக்கும். ஒன்றுமே இல்லாத சாக்கெட் எதையும் எடுக்கக் கூடாது.

“டேய். ஹாலை ஒரு தடவை எட்டிப் பாரேன்.”

“எதுக்கு?”

“சும்மாதான். மேற்குச் சுவத்துல ஏதாவது செருகிக் கெடக்கான்னு பாரு.”

அவன் முனகிக்கொண்டே எழுந்தான். கதவு திறந்தது. அவன் செருப்புச் சத்தம் வெறும் சிமென்ட் தரையில் எதிரொலித்துக்கொண்டே தூரம் போனது. அதே நேரத்தில் திரையில் பத்தொன்பது அணைந்தது. பிறகு ஒன்றும் எரியவில்லை. நாற்பத்தெட்டு போர்ட்டும் இருட்டு. காலடிச் சத்தம் கேட்டதும் ஒளிந்திருப்பவர்கள் மூச்சை அடக்கிக்கொள்வார்களே, அதுபோல இருந்தது அந்த இருட்டு.

“ஒண்ணுமில்லக்கா. வழிச்சுத் தொடச்ச மாதிரி காலி. ஜன்னல்ல பழுப்புக் காகிதம் ஒட்டியிருக்காங்க, டார்ச் இல்லாம கண்ணே தெரியல.” செருப்புச் சத்தம் நின்றது. “ஏசி போட்டிருக்கா என்ன? இந்தச் சுவர்கிட்ட மட்டும் குளிருது.”

ஏசி ஓடவில்லை. நான்காம் மாடிக்கு அதை நிறுத்தி மாதங்களாகிறது.

“வாடை வேற. ரொம்ப நாளா பூட்டி வெச்ச பிரிட்ஜத் திறந்த மாதிரி.”

“சரி, நீ ரூமுக்குப் போ.”

“போறேன். கொஞ்ச நேரம் கண்ண மூடுறேன்க்கா. அஞ்சாவது மாடிக்கு எழுப்பு. லைன கட் பண்ணல, கத்துனா கேக்கும்.”

செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. கதவு சாத்திக்கொண்டது. அவன் சுவரில் சாய்ந்து உட்காரும் சத்தம், ஒரு நீண்ட கொட்டாவி. சீக்கிரமே, சின்ன வயதிலிருந்து அவளுக்குப் பழகிப்போன அந்த மெல்லிய குறட்டை. ஸ்பீக்கரில் அது ஏறி ஏறி இறங்கியது.

இருபது பச்சையானது.

இப்போது நான்கு வாட்.

தம்பியை எழுப்பி, கிளம்பி வாடா என்று சொல்லியிருக்கலாம். அவள் உதடு வரைக்கும் அது வந்தது. வந்தால் என்ன காரணம் சொல்வது? எழுதி வைத்திருக்கும் ஒரு கோளாறைப் பார்த்து அக்கா பயந்துவிட்டாள் என்று ஆயுளுக்கும் கேலி பேசுவான். தூங்கட்டும், பாவம், வீட்டில்தான் தூக்கமே இல்லை. அவள் எழுப்பவில்லை.

அதற்குப் பதிலாகத் தொழில் தெரிந்தவர்கள் செய்வதைச் செய்தாள். பயன்படுத்தாத போர்ட்டை மூடி வைக்க வேண்டும். வருகிறவன் போகிறவன் செருகிவிடாமல் இருக்க அதுதான் முறை. அந்த நிறுவனம் காலி செய்த அன்றே அவள் செய்திருக்க வேண்டிய வேலை. பதினேழை மூடினாள். பதினெட்டு, பத்தொன்பது. பிறகு, பச்சையாக இருந்த இருபதையே மூடினாள். கட்டளை ஏறியது. விளக்கு அணைந்தது.

இருபத்தொன்று எரிந்தது. ஐந்து வாட்.

அதையும் மூடினாள். இருபத்திரண்டு.

அவள் கை வேகம் பிடித்தது. மூட மூட அது நகர்ந்தது. பயம் போய் ஒருவிதமான பிடிவாதம் வந்துவிட்டது, வீட்டுக்குள் புகுந்த பூனையை ஒவ்வொரு அறைக் கதவாகச் சாத்திக்கொண்டே துரத்துகிற மாதிரி. மேற்குச் சுவர் முழுவதும் முடிந்தது. வடக்குச் சுவரை மொத்தமாக ஒரே கட்டளையில் மூடினாள். அது நடுத்தூணுக்குத் தாவியது. தூணில் நான்கு சாக்கெட், நான்கையும் மூடினாள். ஒவ்வொரு முறையும் அடுத்து திறந்திருப்பதில் போய் நின்றது. ஒவ்வொரு முறையும் முன்னதைவிட அதிகமாக எடுத்தது. ஒன்பது வாட். பதினொன்று. அடைக்க அடைக்க அதற்குப் பசி கூடிக்கொண்டே போனது.

கிழக்குச் சுவர். மூடினாள். டீ போடும் மூலை. மூடினாள்.

நடைபாதையில் இரண்டு சாக்கெட்டுகள் உண்டு. முதலாவது எரிந்தது.

அப்போதுதான் அவள் விரல்கள் நின்றன.

அந்த நடைபாதை ஹாலிலிருந்து ஒரே இடத்துக்குத்தான் போகிறது. ஸ்விட்ச் அறைக்கு. வெளியே போகும் வழிகளை எல்லாம் ஒவ்வொன்றாக அவளே அடைத்து, அதை அவளே ஓட்டிக்கொண்டு வந்து, தம்பி தூங்கும் கதவுக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறாள்.

“டேய்!”

குறட்டை.

“டேய், எந்திரி! எந்திரிடா!”

ஏறியது. இறங்கியது.

நடைபாதையின் இரண்டாவது சாக்கெட் எரிந்தது. இதை அவள் விரட்டவில்லை. தானாகவே வந்தது.

பழையவற்றைத் திறந்துவிட்டால் திரும்பிப் போய்விடுமா? மேற்குச் சுவரைத் திறக்கும் கட்டளையைத் தட்ட ஆரம்பித்தாள். எழுத்து தப்பியது. அழித்தாள். மறுபடி தப்பியது. திரையின் அடியில் புதிய வரி வந்து விழுந்தது.

நாற்பத்தெட்டு.

நாற்பத்தெட்டாம் போர்ட் அந்த அறைக்குள்ளேயே இருக்கிறது. பழுது பார்க்க வருகிறவர் லேப்டாப் மாட்டிக்கொள்ள வசதியாக, கதவுக்குப் பக்கத்துச் சுவரில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், தம்பிதான் வைத்தான். சாய்ந்து உட்கார்ந்தால் தோளுக்கு நேராக இருக்கும்.

இருபத்தாறு வாட்.

அவள் யோசிக்கவில்லை. நடைபாதையின் இரண்டையும் அதையும் சேர்த்து ஒரே கட்டளையில் மூடினாள்.

அணைந்தது. நாற்பத்தெட்டு போர்ட்டும் மூடியாகிவிட்டது. மின்சாரக் கணக்கு பூஜ்யத்தில் வந்து நின்றது. இனி அதற்குப் போக இடமில்லை என்று அவள் நினைத்தாள். நாற்காலியில் சாய்ந்தாள்.

குறட்டை நின்றது.

விசிறிகளின் இரைச்சலுக்கு மேலே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். மூச்சுச் சத்தமும் இல்லை. துணி உரசும் சத்தமும் இல்லை. லைன் துண்டாகிவிட்டதா என்று போனை எடுத்துப் பார்த்தாள். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

“டேய்?”

நெடுநேரம் கழித்து, வாயைப் போனுக்கு மிக அருகில் வைத்துப் பேசுவதுபோல, தம்பியின் குரல் வந்தது. தூக்கக் கலக்கம் கொஞ்சமும் இல்லை.

“எல்லாத்தையும் ஏன்க்கா மூடுன?”

அவள் மூடிய விஷயத்தை அவனிடம் சொல்லவே இல்லை.

லைன் துண்டானது. மறுபடி அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. எழுந்து கதவுவரை போனாள். படியேறிப் போய்விட வேண்டும் என்று நினைத்தாள். வெளியே நீளமான வராந்தா, கோடியில் லிப்ட். விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. லிப்டின் மேலே இருந்த எண் நான்கிலிருந்து மூன்றாயிற்று. இரண்டு. ஒன்று. பூஜ்யம்.

கதவு திறந்தது. தம்பி வந்தான்.

தம்பிதான். அதே கசங்கிய சட்டை, இடதுபக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும் தலைமுடி. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “ஏன்டா போன எடுக்கல? பையி, டார்ச்சு எல்லாம் எங்க?”

இருட்டில் வழி தேடுகிறவன் போல ஒரு கையைச் சுவரில் வைத்துத் தேய்த்துக்கொண்டே, அவ்வளவு வெளிச்சத்தில், மெதுவாக நடந்து வந்தான். காலில் செருப்பு இல்லை. முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கிடந்தது. அவளைக் கடக்கும்போது ஒரு குளிர் கடந்து போனது. அவன் மேலே சொன்ன அந்தப் பூட்டி வைத்த பிரிட்ஜ் வாடையும்.

“பசிக்குதுக்கா.”

“வீட்டுக்குப் போலாம் வா. போற வழியில ஏதாவது வாங்கிக்கலாம்.”

அவன் அறைக்குள் போய், மூலையில் இருந்த பிரின்டருக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அங்கே சுவரில் இருந்த காலி சாக்கெட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு வலது உள்ளங்கையை விரித்து அதன்மேல் வைத்து அழுத்தினான்.

இரும்பு அடுக்கில், காலையில் அவளே முதலாவதாக அப்டேட் செய்த தரைத்தளத்து ஸ்விட்சில், ஒரு விளக்கு பச்சையானது.

அவள் திரும்பித் திரையைப் பார்த்தாள். எட்டு வாட். பன்னிரண்டு. தம்பியைப் பார்த்தாள். கண்களை மூடியிருந்தான். உதடுகளில் நிறம் ஊறிக்கொண்டிருந்தது. வெளுத்த கன்னங்கள் மெல்ல மெல்லச் சிவந்தன. பால் குடித்துக்கொண்டே தூங்கிப்போகும் குழந்தையின் முகம் அது.

“கையை எடுடா.”

எடுக்கவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். மழையில் கிடந்த இரும்பைத் தொட்டதுபோல ஜில்லென்று இருந்தது, அசையவே இல்லை. அவள் லேப்டாப்புக்கு ஓடினாள். அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான்.

அந்தப் போர்ட்டை மூடினாள்.

பின்னால், துணி மூட்டை விழுந்த சத்தம்.

அவன் பக்கவாட்டில் சரிந்து கிடந்தான். கண்கள் பாதி திறந்திருந்தன. நெஞ்சில் காதை வைத்தாள். ஒன்றும் இல்லை. கழுத்தில் விரலை வைத்தாள். ஒன்றும் இல்லை. கன்னத்தில் அறைந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பெயர் அவனுக்குள் எங்கேயும் போய்ச் சேரவில்லை. நெஞ்சை அமுக்கினாள், எண்ண மறந்து, அழுதுகொண்டே, அமுக்கிக்கொண்டே இருந்தாள். சிவந்த கன்னம் அவள் கண்ணெதிரே வெளுத்தது.

எழுந்தாள். தட்டினாள். போர்ட்டைத் திறந்தாள்.

திரும்பி வந்து, அவன் கையைத் தன் இரண்டு கைகளாலும் தூக்கி, விரல்களை விரித்து, உள்ளங்கையைச் சாக்கெட்டின்மேல் தானே வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

எரியவில்லை.

எரியவில்லை.

எரிந்தது.

அவன் நெஞ்சு ஏறியது. தண்ணீருக்கடியிலிருந்து வெளியே வந்தவன் போல ஒரு மூச்சு. அவள் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். வருவார்கள். வந்து முதல் வேலையாக இவனைச் சுவரிலிருந்து எடுப்பார்கள்.

செல்போன் மணி அடித்தது. தம்பி மனைவி.

“அண்ணி, அவரு போன எடுக்கவே மாட்டேங்குறாரு. கிளம்பிட்டீங்களா?”

“இங்கதான்மா இருக்கான். வேலை கொஞ்சம் இழுத்துருச்சு.”

“சீக்கிரம் அனுப்புங்க அண்ணி. உங்க மருமக மதியத்துலருந்து வீல்வீல்னு கத்துறா. அவரு தூக்குனாதான் நிறுத்துவா போல. ஒரு நிமிஷம் அவருகிட்ட குடுங்களேன், குரலையாவது கேக்கட்டும்.”

ஸ்பீக்கரில் குழந்தையின் அழுகை நிறைந்தது. மூன்று வாரத்துக் குரல், சூடாக, விடாமல்.

மடியில் இருந்த தலை அந்தச் சத்தத்தை நோக்கித் திரும்பியது. கண்கள் திறந்தன. அவள் காத்திருந்தாள், தம்பியின் முகம் இளகுவதற்காக; மகளின் குரல் கேட்டால் அவனுக்கு எப்போதும் முகம் இளகிவிடும். இளகவில்லை. தொண்டை மட்டும் ஒருமுறை ஏறி இறங்கியது. எச்சில் விழுங்கினான்.

“அண்ணி? ராத்திரி சாப்பாட்டுக்காவது வந்துருவாருல்ல?”

அவள் போனை அணைத்தாள்.

இவன் வீட்டுக்குப் போகக் கூடாது. இவன் சாகவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது இந்தக் கேபிள் மட்டும்தான். அவள் அவன் தலையை மெதுவாகத் தரையில் இறக்கி, கை சாக்கெட்டிலிருந்து நழுவாதபடி நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டு, லேப்டாப்பைக் கீழே இறக்கி அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

நாற்பது வாட். ஒரு போர்ட் முப்பதுக்கு மேல் தரவே முடியாது. ஐம்பத்தைந்து. எண்பது. பெட்டி மொத்தமாகத் தரக்கூடிய அளவை நோக்கி எண் ஏறியது. திரையில் மஞ்சள் எச்சரிக்கை வந்தது: மின்சாரம் போதவில்லை. மற்ற கருவிகளுக்குக் கொடுப்பதைக் குறைக்கவும்.

அவள் குறைத்தாள். தரைத்தளத்துத் தொலைபேசிகளை அணைத்தாள். கேமராக்களை ஒவ்வொன்றாக அணைத்தாள். வாசல் கதவின் பூட்டு, அட்டை காட்டும் கருவி, காவலாளி அறையின் மணி. அடுக்கில் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வந்தன. கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது; அது மட்டும் கண் கூசும்படி எரிந்தது. அவள் முகத்தில் பச்சை. சுவரில் பச்சை. அவன் முகம் இப்போது ரோஜா நிறத்தில், வியர்வை மினுமினுக்க, இருபது வயது குறைந்ததுபோல இருந்தது.

அணைக்க வேறு எதுவும் மிச்சமில்லை.

அவன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். சின்ன வயதில் தட்டை நீட்டிக்கொண்டு நிற்பானே, அதே குரல்.

“இன்னும் கொஞ்சம்க்கா.”

சாக்கெட்டில் இல்லாத அவனுடைய இன்னொரு கை, விரல்கள் விரிய, அவள் நெஞ்சை நோக்கி மெதுவாக உயர்ந்தது.